பிரிண்டர் ஆனில் இருந்தால் சிஸ்டம் வராது: தாம்பரத்துச் சின்னக் கடை தீர்த்துவைத்த தொல்லை

கிழக்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருக்கிற இந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குத் தாராளமாக ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம். கடை என்று சொன்னாலும் ஒரே அறைதான். ஒரு மேசை, சுவர் ஓரமாக அடுக்கிய பழைய சிபியு கேபினெட்டுகள், வேலை பார்ப்பது ஒரே தம்பி. பெரிய பெயரும் சீருடையும் வைத்திருக்கிற ஒரு நிறுவனம் வந்து பார்த்துவிட்டு மதர்போர்டு போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும் என்று சொன்ன சிஸ்டத்தை இவர் பேட்டரி உட்பட 300 ரூபாயில் சரி செய்து கொடுத்தார், அதுவும் என் கண் முன்னால், என்ன பார்க்கிறார் ஏன் பார்க்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே. இதே தொல்லை வேறு வீடுகளிலும் கண்டிப்பாக இருக்கும், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

சேலையூரில் வீட்டிலேயே பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வினாத்தாள் அடிக்காமல் என் வேலை ஓடாது. வீட்டில் இருப்பது அசெம்பிள் செய்த பழைய டெஸ்க்டாப், அதோடு ஸ்கேனரும் சேர்ந்த ஒரு பிரிண்டர். கேமரா மெமரி கார்டைச் செருகி நேராகப் படம் அடிக்கலாம் என்று முன்பக்கத்தில் கார்டு போடும் துளைகள் வைத்து விற்றார்களே, அந்தக் காலத்து மாடல். இரண்டும் வருஷக்கணக்காக ஒழுங்காக ஓடின. கோடை விடுமுறைக்கு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் ஆரம்பித்தது. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, மதர்போர்டு லோகோ வருகிறது, அப்புறம் கறுப்புத் திரையில் இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அவ்வளவுதான். பிரிண்டர் கேபிளை உருவிவிட்டு மறுபடி ஆன் செய்தால் விண்டோஸ் வந்துவிடும். வந்த பிறகு கேபிளைக் குத்தினால் பிரிண்டும் அழகாக வரும்.

தினமும் காலையில் என் வீட்டுக்காரர் மேசைக்குப் பின்னால் செல்போன் வெளிச்சத்தில் குனிந்து கேபிளை உருவுவதும் குத்துவதுமாக இருந்தார். இப்படியே ஓட்டிவிடலாம் என்று பலர் சொல்வார்கள், எங்களுக்கும் சொன்னார்கள். ஓட்டலாம்தான், ஆனால் பின்பக்க யுஎஸ்பி போர்ட் தினமும் இழுபட்டுக்கொண்டே இருந்தால் எத்தனை நாள் தாங்கும்? தவிர, உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று தெரியாமலே நாளைக் கடத்துவது எனக்குப் பிடிக்காத காரியம். இதற்கு நடுவில் இன்னொன்று: கம்ப்யூட்டரில் தேதி அடிக்கடி பல வருஷம் பின்னால் போய்விடும், பிரவுசரைத் திறந்தால் எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கை வரும், தேதியைத் திருத்தினால் சரியாகிவிடும். இதுவும் அதுவும் ஒரே நோய் என்பது இந்தக் கடையில்தான் தெரிந்தது.

முதலில் வந்தவர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். பெயர் வேண்டாம், வீட்டுக்கே ஆள் அனுப்பும் நிறுவனம். வந்தவர் சிஸ்டத்தை ஆன் செய்தார், நின்றது. பிரிண்டரை உருவினார், வந்தது. கேபினெட்டைத் திறக்கவே இல்லை. "பிரிண்டர் லோடு தாங்கல மேடம், போர்டு வீக் ஆயிடுச்சு, எஸ்எம்பிஎஸ்ஸும் சேத்து மாத்திடுங்க" என்று (எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) எஸ்டிமேட் எழுதி, வந்ததற்கான கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இந்த 'லோடு' பேச்சு எங்கேயும் கேட்கிற பேச்சாக இருப்பதால் சொல்கிறேன். பிரிண்டருக்கு மின்சாரம் சுவரில் இருக்கிற பிளக்கிலிருந்து வருகிறது. தாளை இழுப்பதும் மை அடிக்கும் ஹெட்டை ஓட்டுவதும் அந்த மின்சாரத்தில்தான். சாதாரண யுஎஸ்பி 2.0 பிரிண்டர் கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்கின்றன: ஒன்று 5 வோல்ட், ஒன்று கிரவுண்ட், மீதி இரண்டும் தகவல் போவதற்கு. அந்த வகை போர்ட் ஒரு சாதனத்துக்குக் கொடுக்க வேண்டிய அதிகபட்சமே 500 மில்லி ஆம்பியர், தனக்கென்று பவர் வைத்திருக்கிற பிரிண்டர் அதில் பெரிதாக எதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஆக, பிரிண்டரின் சுமை தாங்காமல் கம்ப்யூட்டர் நிற்கிறது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தக் கடைக்கு போன் செய்தபோதே வித்தியாசம் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது, "பிரிண்டரையும் அதோட ஒயரையும் கொண்டு வர முடியுமா மேடம்? சிபியுவ மட்டும் கொண்டு வந்தா இங்க நல்லா ஆன் ஆகும், நான் என்னத்தப் பாக்கறது?" எவ்வளவு நியாயமான பேச்சு! பல இடங்களில் சிபியுவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் மேசையில் போட்டுப் பார்த்து, எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சர்வீஸ் சார்ஜ் வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் பழைய கதைதான். ஆட்டோ பிடித்து இரண்டையும் மாடி ஏற்றியது சிரமம்தான், ஆனால் அந்தச் சிரமம் இல்லாமல் இந்த வேலை முடிந்திருக்காது.

ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேள்வியாகக் கேட்டார். பிரிண்டர் ஆஃபில் இருந்து கேபிள் மட்டும் குத்தியிருந்தால் என்ன ஆகிறது? கேபிளின் மறுமுனை எதிலும் இல்லாமல் சும்மா தொங்கினால்? லோகோ வருகிறதா, அதுவும் வருவதில்லையா? ராத்திரியில் சுவர் ஸ்விட்சை அணைப்பீர்களா? கரண்ட் போய்விட்டு வந்த பிறகு மட்டும் இப்படியா, எப்போதுமே இப்படியா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணம் இருந்தது, நான் கேட்கக் கேட்கச் சொன்னார். நான் கணக்கு டீச்சர், விடை சரியாக வந்தாலும் ஸ்டெப் இல்லாவிட்டால் முழு மார்க் போடமாட்டேன். இவர் வேலை பார்த்த விதம் ஒவ்வொரு ஸ்டெப்பையும் எழுதிப் போட்ட விடைத்தாள் மாதிரி இருந்தது.

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன், உங்கள் வீட்டுச் சிஸ்டத்துக்கும் ஒத்துவரும். பட்டனை அழுத்தினால் ஃபேன் கூடச் சுற்றவில்லை, அல்லது ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது என்றால் அது மின்சாரம் சம்பந்தப்பட்டது. எங்கோ 5 வோல்ட் கம்பி கிரவுண்டைத் தொடுவதாக இருக்கலாம், அப்போது எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. யுஎஸ்பி போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சில சமயம் உள்ளே இருக்கிற உலோகப் பின்கள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரியும். சில மதர்போர்டுகள் யுஎஸ்பியில் கரண்ட் அதிகமாகப் போகிறது, 15 நொடியில் அணைத்துவிடுகிறேன் என்று திரையிலேயே எழுதிக் காட்டும். மறுமுனை சும்மா தொங்கும்போதும் இதே கதை என்றால் பிரிண்டர் மேல் பழி போட வேண்டியதில்லை, கேபிளையோ போர்ட்டையோ பார்க்க வேண்டும். வேறொரு கேபிள் போட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். கம்ப்யூட்டரின் பிளக்கை உருவிய பிறகும் பிரிண்டர் கேபிள் வழியாகக் கேபினெட்டில் ஏதாவது லைட் மங்கலாக எரிகிறதென்றால் பிரிண்டர் பக்கமிருந்து மின்சாரம் தலைகீழாக வருகிறது. இந்த நிலையில் ஓட்டவே கூடாது, பிரிண்டரைத்தான் ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும். லோகோவைத் தாண்டி விண்டோஸ் வட்டம் சுற்ற ஆரம்பித்த பிறகு நின்றால் மின்சாரத்துக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது, பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும், விண்டோஸைச் சீக்கிரம் திறக்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியை அணைத்துப் பார்க்க வேண்டும்.

எங்களுடையது இதில் எதிலும் சேரவில்லை. பிரிண்டர் ஆஃபில் இருந்தால் கேபிள் குத்தியிருந்தும் சிஸ்டம் நன்றாக வருகிறது, பிரிண்டர் ஆனில் இருந்தால் மட்டும் லோகோவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நிற்கிறது. இதைக் கேட்டதுமே அவர் பிரிண்டரின் முகப்பைத் திருப்பி அந்தக் கார்டு துளைகளைப் பார்த்தார். "இதான் டீச்சர்" என்றார். அப்புறம் பிரிண்டரை ஆன் செய்து, சிஸ்டத்தை ஆன் செய்து, லோகோ வரும்போது ஒரு ஃபங்ஷன் கீயை அழுத்தி பூட் மெனுவைக் கொண்டுவந்தார். எதிலிருந்து சிஸ்டத்தைத் தொடங்கலாம் என்கிற பட்டியல் அது. ஹார்ட் டிஸ்க் பெயருக்கு மேலே, முதல் வரியில், எங்கள் பிரிண்டரின் மாடல் பெயர் இருந்தது! கார்டு துளை இருப்பதால் அந்தப் பிரிண்டர் ஒரு பென் டிரைவ் போலவும் தன்னைக் காட்டிக்கொள்கிறது. கம்ப்யூட்டர் அதை டிஸ்க் என்று எடுத்துக்கொண்டு அதற்குள் விண்டோஸைத் தேடுகிறது, கார்டே இல்லாத துளையில் என்ன கிடைக்கும், அங்கேயே காத்து நிற்கிறது.

சரி, இத்தனை வருஷம் ஓடியது எப்படி? இதைக் கேட்டபோதுதான் தேதி விஷயம் வந்தது. மதர்போர்டில் சிஆர்2032 என்கிற காசு போன்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், பெயரிலேயே அளவு இருக்கிறது. பிளக்கில் மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவதும், எங்களுடையதைப் போன்ற பழைய போர்டுகளில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடிக் கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் நிரல்) அமைப்புகளை மறக்காமல் வைத்திருப்பதும் அதுதான். அது தீர்ந்துபோய்விட்டது. ராத்திரி சுவர் ஸ்விட்சை அணைத்ததும் கம்ப்யூட்டருக்குத் தேதியும் மறந்துவிடும், அசெம்பிள் செய்தவர் அன்றைக்கு ஹார்ட் டிஸ்கை முதலில் வைத்துப் போன அமைப்பும் மறந்துவிடும், போர்டு தயாரிப்பிலிருந்து வந்த அமைப்புக்குத் திரும்பிவிடும். அந்த அமைப்பில் யுஎஸ்பிக்குத்தான் முதல் இடம். சில போர்டுகளில் இப்படி ஆனால் எஃப்1 அழுத்து என்று திரையில் செய்தி வரும், எங்களுடையதில் அப்படி எதுவும் வரவில்லை. மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார், 3 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரியில் 2.1தான் இருந்தது.

பிளக்கை உருவிவிட்டுப் பேட்டரியை மாற்றினார். எழுத்து இருக்கிற பக்கம் மேலே வர வேண்டும், கிளிப்பை மெதுவாகத் தள்ளினால் பழையது தானாக எழும்பி வருகிறது. நிதானமான கை இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். கழற்றிய பேட்டரியைச் சும்மா குப்பையில் போடாமல் டேப் ஒட்டி ஒரு டப்பாவில் போட்டார், சின்னக் குழந்தை எடுத்து விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். இதற்காகவே தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். பிறகு டெலிட் கீ அழுத்தி பயாஸுக்குள் போய்த் தேதியை வைத்தார், ஹார்ட் டிஸ்கை முதல் இடத்துக்குக் கொண்டுவந்தார், எஃப்10 அழுத்திச் சேமித்தார். லெகஸி யுஎஸ்பி என்று ஒரு வரி இருந்தது, அதை மட்டும் தொட வேண்டாம் என்றார். அதை அணைத்துவிட்டால் யுஎஸ்பி கீபோர்டு விண்டோஸ் வருவதற்கு முன் வேலை செய்யாமல் போகலாம், அப்புறம் பயாஸுக்குள் நுழைவதே கஷ்டமாகிவிடும். இணையத்தில் பார்த்து நீங்களாகச் செய்வதானால் இதை மறக்காதீர்கள். மாற்றிய திரைகளை என் போனிலேயே படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

வேறு கடையாக இருந்தால் இதோடு முடித்திருப்பார்கள். இவர் பிளக்கை உருவி வைத்துவிட்டு, "சாப்டுட்டு வாங்க டீச்சர், கொஞ்ச நேரம் கரண்ட் இல்லாம கிடக்கட்டும்" என்றார். நியாயம்தானே, பேட்டரி தாக்குப்பிடிக்கிறதா என்பதை வேறெப்படிப் பார்ப்பது? சாப்பிட்டுவிட்டு வந்ததும் என் கையாலேயே ஆன் செய்யச் சொன்னார். பிரிண்டர் ஆனில், கேபிள் குத்தியபடி, சிஸ்டம் நேராக விண்டோஸ் லாகின் திரைக்கு வந்தது, தேதியும் நேரமும் சரி. அதோடு நிறுத்திக்கொண்டார், பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. விண்டோஸ் வருவதற்கு முன்னால் இருக்கிற கோளாறுக்கு உள்ளே நுழைய வேண்டிய தேவையே இல்லை என்றார். என் சிஸ்டத்தில் பிள்ளைகளின் மார்க் பட்டியல், பெற்றோர் போன் நம்பர் எல்லாம் இருக்கிறது. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது நான் பயப்படுகிற விஷயமே அதுதான், அவர் அதைச் சொல்லாமலே புரிந்துகொண்டு நடந்தது மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

புது கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பிட்ட தொல்லை குறைவுதான். பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த இப்போதைய யுஇஎஃப்ஐ போர்டுகளில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்று தனியாகவே ஒரு வரி முதலில் பதிவாகியிருக்கும், வெறும் கார்டு துளையைப் பார்த்து அது ஏமாறுவது அபூர்வம். பிரிண்டரில் வைஃபை இருந்தால் கேபிளே வேண்டாம், அப்படி இணைத்துவிட்டால் இந்த வம்பு அடியோடு கிடையாது. என்னுடையதில் அந்த வசதி இல்லை.

கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டார், கேபினெட்டின் இரும்பில் புறங்கை பட்டால் சுருக்கென்று இருக்குமா என்று. இருக்கும், ரொம்ப நாளாக. எர்த் சரியில்லை, எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள் என்றார். எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசிவது இயல்பு, எர்த் இருந்தால் அது பூமிக்குப் போய்விடும், இல்லாவிட்டால் கேபினெட்டிலேயே நிற்கும், 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி. கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது, ஆனால் அந்த நிலையில் பிரிண்டர் கேபிளைக் குத்தி எடுத்துக்கொண்டே இருந்தால் யுஎஸ்பி போர்ட் போவதற்கு வாய்ப்பு இருக்கிறதாம். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது அந்த மூன்று பின் சாக்கெட்டில் எர்த் ஒயர் கழன்றிருந்தது. இதைச் சொல்லியதற்கு இவர் ஒரு பைசா வாங்கவில்லை, வாங்குவதற்கு இதில் ஒன்றும் விற்கவும் இல்லை.

குறைகளும் உண்டு. மாடிப்படி செங்குத்தானது, வயதானவர்கள் சிபியுவைத் தூக்கிக்கொண்டு ஏறுவது முடியாத காரியம், கீழே நின்று போன் செய்தால் இறங்கி வந்து வாங்கிக்கொள்கிறார். உட்கார ஒரே ஸ்டூல். கீழே வண்டி நிறுத்த இடமில்லை. மதிய நேரத்தில் போனை எடுப்பதில்லை, வேலையில் கை இருக்கும்போது எடுக்கமாட்டேன் என்கிறார், புரிகிறது, ஆனால் ஒரு வாட்ஸ்அப் பதிலாவது போடலாம். பில் கேட்டால்தான் எழுதித் தருகிறார், கேட்காமலே கொடுக்கும் பழக்கம் வர வேண்டும். பேட்டரிக்குத் தனியாக, வேலைக்குத் தனியாக எழுதியிருந்தது நல்ல விஷயம். யுபிஐ உண்டு, கார்டு கிடையாது.

ஸ்க்ரீன் உடைந்த லேப்டாப், செத்துப்போன ஹார்ட் டிஸ்கிலிருந்து தகவலை மீட்பது போன்றவற்றை எடுத்துக்கொள்வதில்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறார். பிரிண்டருக்குள் தாள் சிக்குவது, ஹெட் அடைப்பு போன்ற வேலைகளும் செய்வதில்லை, அதற்குச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகச் சொல்கிறார். கடை காலை பத்தரைக்கு மேல்தான் திறக்கிறது, ஞாயிறு விடுமுறை. வருவதற்கு முன்னால் போன் செய்துவிட்டு வந்தால் உங்கள் சிஸ்டத்தை மேசைக்கு எடுக்கும் நேரத்தைச் சொல்லிவிடுவார், இல்லாவிட்டால் வைத்துவிட்டுப் போய்ச் சாயங்காலம்தான் வர வேண்டியிருக்கும்.